சுவரோடு சுவராக அக்கா, கறுப்பில் அம்மா: எதுவார் வுய்யாரின் வீட்டு ஓவியங்கள்

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1893ஆம் ஆண்டைச் சேர்ந்த சிறிய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று இருக்கிறது. உயரம் 46.3 செ.மீ., அகலம் 56.5 செ.மீ. ‘உள்ளறை: ஓவியரின் தாயும் சகோதரியும்’ என்று பெயர். கறுப்பு உடை அணிந்த அம்மா, கால்களை அகட்டி, கைகளைத் தொடைமேல் ஊன்றி, நம் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கம் அக்கா மரி சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார். தலையும் தோளும் குனிந்திருக்கின்றன. நிமிர்ந்தால் சட்டத்தில் தலை இடித்துவிடும். அவர் உடையின் கட்டங்களும் பின்னால் இருக்கும் சுவர்த்தாளின் பூ வேலைப்பாடும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, உடை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினமாகிவிடுகிறது.

வரைந்தவர் எதுவார் வுய்யார். 1868இல் கிழக்குப் பிரான்சின் குயிசோ என்ற சிற்றூரில் பிறந்து, 1940இல் இறந்தார். இந்தப் படத்தை வரைந்தபோது வயது இருபத்தைந்தை ஒட்டி. அம்மா மரி மிஷோ வுய்யார் 1839இல் பிறந்தவர், அப்போது ஐம்பதைத் தாண்டியவர். மகன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1928இல் அம்மா இறக்கும்வரை இருவரும் ஒரே வீட்டில்தான் வாழ்ந்தார்கள். அந்த ஆண்டு மகனுக்கு அறுபது வயது. ஓவியம், அச்சுப்படம், கோட்டுச் சித்திரம், புகைப்படம் எல்லாம் சேர்த்து ஐநூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளில் அம்மா வருகிறார்.

1893 படத்தை ஆதிக்கம் செலுத்தும் தாய், ஒடுங்கிப்போன மகள் என்ற குடும்ப நாடகமாகப் படிப்பது வழக்கம். அப்படிப் படிக்க இடமும் இருக்கிறது. அதே ஆண்டில்தான் வுய்யாரின் பள்ளித் தோழர் லுன்யே-போ பாரிஸில் ‘தியாத்ர் தெ லவ்ர்’ நாடகக் குழுவைத் தொடங்கினார். முதல் நாடகம், குடும்பங்களின் உள் இறுக்கத்தை எழுதிய நார்வே நாடகாசிரியர் இப்சனுடையது. மேடைத் திரைகளை வரைந்தவர் வுய்யார். ஆனாலும் கதையிலேயே நின்றுவிட்டால் படத்தில் பாதி கைநழுவிப்போகும். அம்மாவின் அதிகாரத்தை வுய்யார் முகபாவத்தால் சொல்லவே இல்லை. கறுப்பு, தரை, சுவர் இந்த மூன்றை வைத்துச் சொல்லியிருக்கிறார்.

முதலில் கறுப்பு. படம் முழுக்க ஏதாவது ஒரு வேலைப்பாடு ஓடுகிறது. வேலைப்பாடே இல்லாத பெரிய பரப்பு அம்மாவின் உடை மட்டும்தான். மடிப்பும் இல்லை, பளபளப்பும் இல்லை, உடம்பின் திரட்சியைக் காட்டும் நிழலும் இல்லை. முகமும் இரண்டு கைகளும் அந்தக் கறுப்பில் வெளிச்சத் துண்டுகளாக மிதக்கின்றன. சுற்றிலும் சலசலவென்று புள்ளியும் கோடும் இருக்கும்போது கண் ஓய்வெடுக்க ஓர் இடம் தேடும்; அது அம்மாவிடம் போய் நிற்கிறது.

அடுத்தது தரை. அது பின்னால் போகாமல் மேலே ஏறுகிறது. மேசையை மேலிருந்து பார்க்கிறோம், அம்மாவை நேராகப் பார்க்கிறோம். ஒரே இடத்தில் நின்று பார்ப்பவருக்கு இவை இரண்டும் இப்படித் தெரியாது. அறையின் ஆழம் சுருங்கிவிடுவதால் அக்காவுக்கு நிற்க இடமே இல்லாமல் போகிறது. ஜன்னலும் மேசையும் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கின்றன, ஜப்பானிய மர அச்சுப் படங்களில் வெட்டுப்படுவதுபோல. 1890இல் பாரிஸின் கலைக் கல்லூரியில் அந்த அச்சுகளின் பெரிய கண்காட்சி நடந்தது. வுய்யாரும் நண்பர்களும் அவற்றைத் தேடிச் சேர்த்தார்கள்.

மூன்றாவது சுவர். இங்கே வேலை செய்வது வெளிச்சத்தின் அளவு. நிறம் எதுவானாலும் அது எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்ற அளவைத்தான் சொல்கிறேன். ஓவியப் பள்ளிகளில் இதை டோன் என்பார்கள். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி: அருங்காட்சியகத் தளத்திலிருந்து படத்தை இறக்கி, கைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அக்காவின் உடையும் சுவரும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடும், அம்மா மட்டும் கறுப்புத் திட்டாக நிற்பார். இரண்டு பரப்புகளின் டோன் ஒன்றாக இருந்தால் நிறம் வேறானாலும் விளிம்பு கரையும். அக்கா சுவரோடு சேர்ந்துபோவதற்குக் காரணம் இதுதான். கைபேசித் திரை மாறுபாட்டைக் கூட்டிக் காட்டும், மலிவான அச்சும் அப்படித்தான். அந்தப் பிரதிகளில் அக்கா சுவரிலிருந்து பிரிந்து தெரிந்தால் குறை பிரதியில்தான்.

இந்த வேலைப்பாட்டுப் பித்து எங்கிருந்து வந்தது? வீட்டிலிருந்துதான். அப்பா ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, அம்மாவைவிட வயதில் மிகவும் மூத்தவர். குடும்பம் பாரிஸுக்குக் குடிபெயர்ந்த சில ஆண்டுகளிலேயே இறந்துவிட்டார். அம்மா கார்செட் தைத்துக் குடும்பத்தை நடத்தினார். கார்செட் என்பது இடுப்பையும் மார்பையும் இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை: நெருக்கமாக நெய்த கெட்டித் துணியைப் பல துண்டுகளாக வெட்டி, இடையிடையே ‘திமிங்கில எலும்பு’ எனப்படும், உண்மையில் திமிங்கில வாயின் தகடுகளான பட்டைகளைச் செருகத் தைப்புக் குழாய்கள் விட்டு, கொக்கியும் கயிறும் வைத்து முடிப்பார்கள். தையல் வேலை நடந்தது குடியிருந்த வீட்டிலேயே. மகளும் அதில் சேர்ந்துகொண்டார், வேலைக்குப் பெண்களும் வந்துபோனார்கள். சாப்பாட்டு மேசைமீது துணிச்சுருள், நாற்காலிமீது பாதி தைத்த உடை, சுவரில் பூப்போட்ட தாள். அம்மாவின் பிறந்தகத்திலும் துணிக்கு வடிவம் வரைபவர்கள் இருந்தார்கள். மூன்று நான்கு வேலைப்பாடுகள் அடுத்தடுத்து மோதிக்கொள்ளும் அறையில் வளர்ந்த பையனுக்கு வெற்றுச் சுவர்தான் விசித்திரமாகத் தெரிந்திருக்கும். சாவோ பாவுலோ கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் 1891ஆம் ஆண்டின் ‘பூவேலை உடை’ ஓவியம் இந்தத் தையல் வீட்டை நேரடியாகக் காட்டுகிறது.

இம்பிரஷனிசத்துக்கு வுய்யார் பட்ட கடன் நிஜமானது, ஆனால் அவர் அதைத் திருப்பிக் கொடுத்த விதம் வேறு. 1874இல் முதல் கண்காட்சி வைத்த அந்தத் தலைமுறை, பொருளின் விளிம்பைக் காட்டிலும் அதன்மேல் விழும் வெளிச்சத்தை வரைந்தது. தூரிகைத் தடம் தெரிய விட்டது, நிழலுக்கும் நிறம் உண்டு என்றது. வுய்யார் இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, எண்ணெய் விளக்கின் கீழே உட்கார்ந்துவிட்டார். வெளி வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், அதனால் அங்கே அவசரம் உண்டு. விளக்கு வெளிச்சம் ஒரே இடத்திலிருந்து வரும், மஞ்சளாக வரும், சிறு வட்டத்துக்குள் அடங்கும். அந்த வட்டத்துக்கு வெளியே எல்லா நிறமும் பழுப்பிலும் மங்கல் பச்சையிலும் அமிழும். 1890களின் அறைப்படங்களில் பச்சையும் பழுப்பும் இவ்வளவு நிறைந்திருப்பதற்கு இது ஒரு காரணம். பிரெஞ்சு ஓவியர் கோகனின் வழியில் வந்த ‘லே நாபி’ என்ற இளைஞர் குழுவில் 1889 முதல் இருந்ததால், தட்டையான நிறப் பரப்புகளில் படத்தைக் கட்டும் பழக்கமும் சேர்ந்துகொண்டது.

ஓவியர்கள் அம்மாவை வரைவது புதிதல்ல. 1871இல் விஸ்லர் வரைந்த தாயின் படம் 144.3 × 162.5 செ.மீ.; வுய்யாரின் படம் பரப்பில் அதில் ஒன்பதில் ஒரு பங்குதான். விஸ்லரின் தாய் பக்கவாட்டில் உட்கார்ந்து ஓவியருக்காகக் காத்திருக்கிறார். துலூஸ்-லோத்ரெக் 1880களின் தொடக்கத்தில் தன் அம்மாவைக் காலை உணவு மேசையில், முன்னால் கோப்பையுடன், தாழ்ந்த இமைகளுடன் வரைந்தார். இப்போது ஆல்பி நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படம் இம்பிரஷனிஸ்ட் வெளிச்சத்தை நன்றாகக் கற்றுக்கொண்ட ஒரு மாணவனின் அன்பான படம். இரண்டிலும் அம்மா வேலையை நிறுத்திவிட்டு மகனுக்காக உட்கார்ந்திருக்கிறார். வுய்யாரின் அம்மா பெரும்பாலும் வேலையை நிறுத்துவதில்லை. வாஷிங்டனில் பிலிப்ஸ் தொகுப்பில் உள்ள ‘பெருக்கும் பெண்’ ஓவியத்தில் கையில் துடைப்பம். பர்மிங்ஹாமின் பார்பர் கலை நிலையத்தில் உள்ள 1900ஆம் ஆண்டுப் படத்தில் தலைமுடியைச் சரிசெய்கிறார். மற்றவற்றில் தையல், காய்கறி, செய்தித்தாள், சூப்.

அம்மா அசைந்துகொண்டே இருந்தால் எப்படி வரைவது? வுய்யார் எப்போதும் சிறு குறிப்பேடு வைத்திருந்தார். பென்சிலில் சில நொடிச் சித்திரம்: தோள் சாயும் கோணம், நாற்காலிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி, எது எதை மறைக்கிறது. நிறத்தை வார்த்தையில் குறித்துக்கொள்வதும் உண்டு. ஓவியம் பிறகு நினைவிலிருந்து உருவாகும். நினைவிலிருந்து வரையும்போது மூக்கின் வடிவம் போன்ற விவரங்கள் உதிர்ந்துவிடும். மொத்த உருவமும் டோனும் தங்கும். அம்மாவின் முகம் பல படங்களில் இரண்டு மூன்று தொடுதல்களோடு முடிந்துவிடுவதும், பார்த்தவுடன் அது அவர்தான் என்று தெரிவதும் இதனால்தான். ஒருவரைத் தெருவில் முதுகைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்கிறோமே, அந்த அடையாளம்.

பொருள் விஷயத்தில் அவர் சிக்கனமானவர். சிறிய படங்கள் பலவற்றை எந்தப் பூச்சும் இல்லாத பழுப்பு அட்டையில் வரைந்தார். பூச்சில்லாத அட்டை எண்ணெயை உறிஞ்சிவிடும், நிறம் பளபளப்பில்லாமல் மேலே தங்கும். அந்தக் காலத்து ஓவியர்கள் பலர் குழாய் வண்ணத்தை முதலில் உறிஞ்சுதாளில் வைத்து எண்ணெயைக் குறைத்து, டர்பன்டைனில் கரைத்துப் பூசுவதையும் செய்தார்கள். அட்டையின் பழுப்பு நடுத்தர டோன் என்பதால், ஆங்காங்கே அதை அப்படியே விட்டுவிட்டாலே மரச்சாமானோ சுவரோ ஆகிவிடும். ஆனால் இதில் ஒரு பின்விளைவு உண்டு. மரக்கூழ் அட்டை நாளாக ஆக அமிலத்தால் கறுக்கும். ஓவியர் விட்டுவைத்த வெளிர் பழுப்பு இன்று அடர் பழுப்பு; அதன்மேல் இருந்த வெளிச்சத் தொடுதல்கள் முன்பிருந்ததைவிடத் துள்ளித் தெரிகின்றன, இருண்டவை அமிழ்ந்துவிட்டன. மூலைகள் நொறுங்குவதால் பல அட்டைகளைப் பிற்காலத்தில் மரப்பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். அருங்காட்சியகப் பெயர்ச்சீட்டில் ‘பலகையில் ஒட்டிய அட்டை’ என்று பார்த்தால் பெரும்பாலும் இதுதான் விஷயம்.

இதைவிடச் சிக்கலானது அவருடைய பசை வண்ணம். மேடைத் திரை வரைபவர்களிடம் கற்றது. 1894இல் அலெக்சாந்தர் நத்தான்சோன் என்ற புரவலரின் வீட்டுக்காக வரைந்த ‘பொதுப் பூங்காக்கள்’ என்ற ஒன்பது பெரிய படங்களில் பயன்படுத்தினார்; 1907-08க்குப் பிறகு இதுவே அவருக்குப் பிடித்தமான முறையாகிவிட்டது. நம் ஊர்க் கடைகளில் டிஸ்டெம்பர் என்று விற்கும் சுவர்ப்பூச்சோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தச்சர்கள் ஒரு காலத்தில் காய்ச்சிய வச்சிரம் போன்ற தோல் பசையோடு வண்ணப்பொடியைக் கலப்பது இந்த முறை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: முயல்தோல் பசைத் துகள்கள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 முதல் 70 கிராம். ஓர் இரவு ஊறவைத்தால் உப்பிவிடும். மறுநாள் நேரடித் தீயில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரமாக வைத்துச் சூடாக்க வேண்டும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டவிடக் கூடாது. கொதித்தால் பசையின் புரதம் உடைந்து ஒட்டும் வலிமை போய்விடும். வண்ணப்பொடியைத் தனியாகத் தண்ணீரில் கூழாகக் குழைத்துக்கொள்ளுங்கள். சில பொடிகள் தண்ணீரை ஏற்காமல் மிதக்கும், இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டால் அடங்கும். கனம் வேண்டுமானால் சுண்ணக்கட்டித் தூள் சேர்க்கலாம். கூழும் சூடான பசைநீரும் ஏறக்குறைய சம அளவில் தொடங்கி, ஒரு தாளில் தடவிக் காயவைத்து விரலால் தேயுங்கள். பொடி கையில் ஒட்டினால் பசை போதவில்லை. காய்ந்த பரப்பு மினுமினுத்தாலோ வெடித்தாலோ பசை அதிகம்.

முதல் தொல்லை சூடு. ஆறினால் பசை கூழாக உறைந்துவிடும், ஆகவே ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனிச் சட்டியில் வெதுவெதுப்பாகவே வைத்திருக்க வேண்டும். இருபது நிறம் என்றால் இருபது சட்டி. இரண்டாவது, ஈரத்தில் இருட்டாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் பல மடங்கு வெளுக்கும். அருகருகே வைக்கும் இரண்டு டோன்களைப் பொருத்துவதே உயிரான ஓர் ஓவியருக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று யோசித்துப் பாருங்கள். காய்ந்த மாதிரித் துண்டுகளை வைத்துக் கணக்குப் போட்டால் ஒழிய வழியில்லை. மூன்றாவது, புதிதாகப் பூசும் சூடான படலம் கீழே உள்ள காய்ந்த படலத்தை இளக்கும். ஒரே வீச்சில் வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்துவிட வேண்டும், தேய்த்தால் சேறாகும். நான்காவது, பசை அழுகும். வெயில் காலத்தில் சென்னையில் ஒரே நாளில் நாறும். காய்ந்த படத்திலும் மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

இவ்வளவு தொல்லையிலும் ஏன் அதையே பிடித்துக்கொண்டார்? காய்ந்த பசை வண்ணத்துக்கு எண்ணெயின் மினுமினுப்பு கிடையாது. பரப்பு சுவரைப் போலவும் துணியைப் போலவும் இருக்கும், எந்தக் கோணத்தில் நின்று பார்த்தாலும் கண்ணில் வெளிச்சம் அடிக்காது. சுவர்த்தாளை வரைய வேண்டுமானால் சுவர்த்தாளின் தன்மையே உள்ள வண்ணத்தில் வரையலாம். விரைவில் காய்வதால் மேலே மேலே திருத்தவும் முடியும். வுய்யார் திருத்தினார், கொஞ்சம் அதிகமாகவே திருத்தினார். என் மதிப்பீட்டில் பிற்காலப் படங்கள் சிலவற்றின் கனத்துக்குக் காரணம் இந்த நிறுத்தத் தெரியாமைதான். தடித்த மேல்படலம் காயும்போது சுருங்கிக் கீழ்ப்படலத்தை இழுக்கும், விளிம்புகள் சுருண்டு செதிலாக உரியும். அதைக் காப்பாற்ற வருபவருக்கும் கை கட்டுண்டிருக்கிறது: தண்ணீர் பட்டால் கரையும். வார்னிஷ் அடித்தால் நுண்துளைகளில் இறங்கி நிறம் முழுக்க இருண்டுவிடும், பிறகு முழுமையாக எடுக்க முடியாது. மங்கலாக இருக்கிறதே என்று எண்ணி வார்னிஷ் அடிப்பது இந்தப் படங்களுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல், அட்டை ஓவியங்களுக்கும் இது பொருந்தும். டோன்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் இருண்டவை முதலில் ஒன்றாகிவிடும். அக்கா சுவருக்குள் கரைவதும் சுவரே இல்லாமல் போவதும் ஒன்றல்ல.

1897 வாக்கில் வுய்யார் கோடக் கேமரா ஒன்று வாங்கினார். ஏதாவது மேசை மேல் வைத்துவிட்டு, பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அசையாமல் இருக்கச் சொல்லிக் கிளிக் செய்வார். படச்சுருளைக் கழுவியது அம்மா, வீட்டுச் சூப் தட்டில். கார்செட் வேலையிலிருந்து ஓய்வுபெறும் வயதில் மகனுக்குப் புகைப்பட உதவியாளர் ஆனார். மாதிரியாக மட்டும் இருந்தவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. வீட்டு வாடகையும் ஒளிப்படத் தட்டும் அவர் கை வழியாகப் போனவை. கேமரா வந்த பிறகு அறை மாறியதையும் கவனிக்கலாம். 1890களின் தொடக்கத்தில் நெருங்கி அமுக்கிய சுவர்கள் மெல்ல விலகுகின்றன. தரை கிடையாகிறது, ஜன்னல் வழியே வெளிச்சம் வருகிறது. முதிர்ந்த அம்மாவைச் சுற்றி நிஜமான தூரம் உண்டு. 1893 படத்தின் இறுக்கத்தை விரும்புகிறவர்கள் இந்தப் பிற்காலப் படங்களை மரபுக்குத் திரும்பிய சரிவு என்பார்கள். விற்பனைக்கு வரைந்த பணக்கார வீட்டு உருவப்படங்கள் சிலவற்றுக்கு அது பொருந்தலாம். 1920களில் பாரிஸின் பிளாஸ் வேந்திமி சதுக்கத்து வீட்டுவரை தொடரும் அம்மாவின் படங்களுக்குப் பொருந்தாது. அங்கே அவர் சுருங்கி, முதுகு வளைந்து, பொருள்களுக்கு நடுவே சிறியவராகிறார். முன்பு அக்காவுக்கு நடந்தது இப்போது அம்மாவுக்கு நடக்கிறது, ஆனால் இந்த முறை அறைதான் பெரிதாகியிருக்கிறது.

‘நான் உருவப்படம் வரைவதில்லை, மனிதர்களை அவரவர் வீட்டில் வரைகிறேன்’ என்று வுய்யார் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. இதை அடக்கம் என்று எடுத்துக்கொள்ளாமல் வேலைமுறை விளக்கமாக எடுத்துக்கொண்டால் பயன் அதிகம். ஒரு படத்தின் முன் நிற்கும்போது கட்டைவிரலால் அம்மாவின் முகத்தை மறைத்துப் பாருங்கள். அவர் யார் என்பது பெரிதாகக் குறையாது. பிறகு பின்னணியை மறைத்துப் பாருங்கள். அவர் யாரோ ஒரு மூதாட்டி ஆகிவிடுவார்.

தேதிகளில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். வீட்டிலேயே வைத்திருந்த படங்களில் பல கையெழுத்து இல்லாதவை. அவர் இறந்தபின் ஓவியக்கூட முத்திரை குத்தப்பட்டவை. அவருடைய நாட்குறிப்பேடுகள் பாரிஸின் பிரான்ஸ் கல்விக் கழகத்தில் மூடிவைக்கப்பட்டு 1980இல்தான் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. முழு ஓவியப் பட்டியல் மூன்று தொகுதிகளாக வந்தது 2003இல். ஆகவே பழைய கண்காட்சி நூல் ஒன்றில் ஒரு படத்துக்கு 1890 என்றும் புதிய நூலில் 1893 என்றும் இருந்தால் முதலில் நூல் வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். அதுவும் போதவில்லையென்றால் சுவர்த்தாளைப் பாருங்கள்: இந்தக் குடும்பம் வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்தது. எந்த வீட்டுச் சுவர், எந்தக் கணப்பு, எந்த ஜன்னல் என்று அடையாளம் கண்டால் ஆண்டைச் சில வருட இடைவெளிக்குள் கொண்டுவந்துவிடலாம்.